பயிற்சிக்களமும் விளையாட்டுக்களமும்

பதின்மூன்று முதல் பதினாறு வரையுள்ள ஆண்டுகள், மாணாக்கர்க்கு என்பும் தசையும் விரைந்து வளருங் காலமாகும். அக்காலத்தில் அவர்களை நாள் முழுதும் விசிப்பலகையில் இருத்திப் பயிற்றும் நாம், உடற்பயிற்சி என்னும் பாடம் பள்ளியுள் எவ்வாறு புகுந்தது என்று ஆராய்ந்தோமில்லை. அவ்வரலாற்றை அறிவோமாயின், அப்பாடவேளையைப் பறித்துக்கொள்ள நம் மனம் எளிதில் துணியாது.

ஐரோப்பாவில் இப்பாடம் பெரும்பாலும் போர்த் தோல்வியிற் பிறந்தது. 1806-இல் பிரஷ்ய நாடு நெப்போலியனிடம் தோல்வியுற்றது. அதனால் உள்ளம் வெதும்பிய யான் என்னும் ஆசிரியர், 1811-இல் பெர்லின் நகரையடுத்த ஹாசன்ஹைடே வெளியில் ஒரு பயிற்சிக்களம் அமைத்து, இளைஞரைத் தாவவும் ஏறவும் பழக்கினார். அவ்விளைஞர்தம் எழுச்சி கண்டு அஞ்சிய அரசினர், 1819-இல் அவரைச் சிறைப்படுத்தினர்; 1820 முதல் 1842 வரை அத்தகைய களங்களுக்குத் தடை விதித்தனர். சுவீடன் நாடு 1809-இல் பின்லாந்தை இழந்தது. 1813-இல் வாட்போர் ஆசிரியராகிய லிங் என்பவர் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் நிறுவினார். இங்கிலாந்திலோ, 1899-இல் மூண்ட போயர் போருக்கு ஆள் திரட்டியபோது உடல்நலமின்மையாற் பலர் தள்ளப்பட்டனர். அதன் பயனாக 1902-இல் படைவீரர்க்குரிய அணிப்பயிற்சியே சிறுவர்க்கும் வகுக்கப்பட்டது.

இம்முயற்சிகளை யாம் இகழ்கின்றோமல்லோம். ஆயினும் இவற்றுட் பல, சிறுவனை நாட்டிற்குக் கருவியாக நோக்கினவே யன்றி, அவன்றன் மகிழ்ச்சியை முதற்கண் நோக்கினவல்ல.

பிறிதொரு நெறி அமெரிக்காவில் தோன்றிற்று. 1891 டிசம்பரில், ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்து உள்ளரங்கப் பயிற்சியை வெறுத்த மாணாக்கர் ஆசிரியர்க்கு அடங்கிலர். அவர்களை ஒறுத்து அடக்காது, நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகள் எழுதி, புதியதோர் ஆட்டத்தை அளித்தார். அதுவே கூடைப்பந்து. அடங்காத வகுப்பு ஆட்டத்தின் விதிக்குத் தானே அடங்கிற்று.

அப்பள்ளியிற் பயின்றவரே ஹாரி குரோ பக் என்பார். அவர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஐந்து மாணாக்கரோடு உடற்பயிற்சி ஆசிரியர்க்கான பள்ளியொன்றைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1924-இல் பாரிசு ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்திய வீரரை அழைத்துச் சென்றவரும் அவரே. எனினும் 1943-இல் அவர் மறையும்வரை ஆற்றிய பெருந்தொண்டு, வீரர் சிலரை ஆக்கியதன்று. பள்ளிதோறும் சென்று பலரையும் விளையாடச் செய்யும் ஆசிரியர்களை ஆக்கியதேயாம்.

இனி நம் நிலையை நோக்குவோம். 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளாருள் 100-க்கு 81 பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை. பெண்மக்களுள் இக்குறை இன்னும் மிகுதி. நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் அவர்கள் ஓடியாடவேண்டும் என்பது அந்நிறுவனத்தார் 2020-இல் வகுத்த அளவு.

பிறரைக் குறைகூறுமுன் என் பிழையையும் கூறிவிடுகிறேன். பொதுத்தேர்வு அண்மையில் இருந்தமையால், ஓராண்டு பத்தாம் வகுப்பின் விளையாட்டு வேளையைக் கேட்டுப் பெற்று யாப்பிலக்கணம் நடத்தினேன். மாணாக்கர் செவி என்பாலும், கண் வெறுங்களத்தின்பாலும் இருந்தன. மறுநாள் வினவியபோது, நேரசையையும் நிரையசையையும் பிரித்துக் கூறவல்லார் மிகச் சிலரே. அன்று அவர்கள் ஆட்டத்தை இழந்தனர், இலக்கணத்தையும் பெற்றிலர். அதன்பின் அவ்வேளையை யான் கேட்டதில்லை.

அன்பர்களே! வல்ல பதினொருவர் ஆட, ஏனையோர் வேலியருகே நின்று கைதட்டுவது உடற்கல்வியாகாது. மெலிந்தவனுக்கும், பருத்தவனுக்கும், நாணி ஒதுங்கும் பெண்மகவுக்குமே களம் முதற்கண் உரியது. ஆசிரியராயின் அவ்வேளையைக் கவராதிருங்கள்; பெற்றோராயின் மாலையில் ஒரு நாழிகையேனும் பிள்ளைகளை ஆடவிடுங்கள்; விடுதி நடத்துவோராயின் படிப்பறைக்கு இடம் தேடும்போதே ஆடுகளத்திற்கும் இடம் தேடுங்கள். தேர்வு மறுமுறையும் எழுதலாம்; கடந்த பதினான்காம் வயது மீண்டும் வாராது.