எந்த ஹெட்போன் நல்லது? நூறு வருடத்து வாக்குவாதம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஊரில் பொடியன்மார் நாலு பேர் சேர்ந்தால் இப்போது கிரிக்கெட்டுக்கு அடுத்தது ஹெட்போன் கதைதான். "ஒன்ட செட்ல பேஸே இல்லடா" என்று ஒருவன் தொடங்குவான். "நீ கேக்கிறது பேஸ் இல்ல, இரைச்சல்" என்று மற்றவன் சொல்லுவான். கடைசியில் "ஒனக்குக் கேக்கத் தெரியா" என்பதில் வந்து நிற்கும். ஹெட்போன் மட்டும் போதாதாம், அதற்குத் தனியாக ஓர் அம்ப்ளிபயரும் வேண்டுமாம். நல்லது என்று சொல்லப்படும் இரண்டையும் வாங்கினால் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் போய்விடும். தவணைக்கு எடுத்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். "சேர், இது உண்மையிலேயே அவ்வளவுக்குப் பெறுமதியா?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். நான் படிப்பிப்பது வரலாறு. ஆகவே அந்தப் பக்கமிருந்தே பதில் தேடினேன்.

அம்ப்ளிபயர் எது, ஹெட்போன் எது என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். பள்ளிவாசல் மூலையில் பூட்டி வைத்திருக்கும் அந்தப் பெட்டிதான் அம்ப்ளிபயர். பாடப்புத்தகம் அதை விரியலாக்கி என்கிறது. சின்ன மின் சமிக்ஞையைப் பெரிதாக்குவது அதன் வேலை. கூட்டாமல் குறைக்காமல் பெரிதாக்கியதா என்பதை அளந்து பார்க்கலாம். ஹெட்போன் அந்த மின்னை ஒலியாக்கிக் காதுக்குள் விடுகிறது. காது ஆளுக்கு ஆள் வேறு. வாக்குவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹெட்போனின் கதை ஒரு குசினியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்று ஒருவர். 1910 இல் தன் கையால் செய்த ஹெட்போன் ஒன்றை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். பரிசோதித்த அதிகாரிகள் தங்களிடம் இருந்தவற்றைவிட இது மிக நுட்பமாகக் கேட்பதைக் கண்டு, கூடுதலாக அனுப்பச் சொன்னார்கள். அவரோ ஒரு தடவைக்கு பத்துக்கு மேல் முடியாது என்று பதில் போட்டார். காரணம், தொழிற்சாலை இல்லை. வீட்டுக் குசினியில் வைத்துத்தான் செய்துகொண்டிருந்தார்.

கடற்படைக்கு ஏன் அவ்வளவு அவசரம்? அந்தக் காலத்து வயர்லெஸ் கருவிகளில் ஒலியைப் பெரிதாக்க வழி கிடையாது. வந்து சேரும் மெல்லிய சமிக்ஞையைக் காதில் வைத்துப் பிடித்தால்தான் உண்டு. 1920களில் உலகெங்கும் மலிவான வானொலிப் பெட்டி என்றால் அது கிறிஸ்டல் செட். மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். ஆனால் ஹெட்போன் இல்லாமல் ஒன்றும் கேட்காது. நமது நாட்டில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடத்தியது 1924 இல். கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது 1925 டிசம்பர் 16 இல். அது கிறிஸ்டல் செட்டின் காலம். அந்த நாளில் ஹெட்போன் ஆடம்பரம் அல்ல, ஏழையின் ஸ்பீக்கர்.

இனி ரசனையின் கதை. "அசல் போலவே கேட்கிறது" என்ற விளம்பரம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. 1915 இலிருந்து சுமார் பத்து வருடம் தோமஸ் எடிசனின் கம்பனி ஊர் ஊராக ஒரு காட்சி நடத்தியது. மேடையில் எடிசனின் கிராமபோன், பக்கத்தில் ஒரு பாடகி. இரண்டும் சேர்ந்து பாடும். பிறகு விளக்கை அணைப்பார்கள். எது மனிதக் குரல், எது இயந்திரம் என்று சொல்ல முடியாமல் சபை திகைக்கும். இன்று அந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் கரகரப்புத்தான் முன்னுக்கு வருகிறது. அப்படியென்றால் அன்றைய சனத்துக்குக் காது இல்லையா? அந்தக் காட்சிகளில் பாடிய அன்னா கேஸ் என்ற பாடகி வயதான காலத்தில் உண்மையைச் சொன்னார்: தன் குரலை இயந்திரத்தின் குரலுக்கு ஏற்ப அடக்கிப் பாடினாராம். இயந்திரம் மனிதரைப் போலப் பாடவில்லை, மனிதர் இயந்திரத்தைப் போலப் பாடியிருக்கிறார்! விற்கிறவனே நடத்தும் ஒப்பீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அம்ப்ளிபயர் பக்கம் பெரிய திருப்பம் 1927 ஓகஸ்ட் 2 காலையில் வந்தது. பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஹரோல்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய தலையிடி பாட்டு அல்ல, தொலைபேசி. தூரத்து அழைப்புக்கு வழிநெடுக அம்ப்ளிபயர்கள் வேண்டும்; ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் திரிக்கும்; கடைசியில் பேசுவது விளங்காது. படகில் வைத்து அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே அனுப்பினால், அம்ப்ளிபயர் தானே சேர்த்த பிழையைத் தானே கழித்துவிடும். கையில் இருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் வெற்றிடத்தில் அதை வரைந்து வைத்தார். பிள்ளை எழுதியதை உடனே திருப்பிக் காட்டித் திருத்த வைப்பது மாதிரி ஒரு வேலை. காப்புரிமை கிடைக்க ஒன்பது வருடத்துக்கு மேல் எடுத்தது, அது வேறு கதை.

இந்த வழி பாட்டுப் பெட்டிகளுக்கும் வந்தது. 1947 இல் லண்டனின் வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் வில்லியம்சன் என்ற பொறியியலாளர் வெளியிட்ட வால்வு அம்ப்ளிபயரின் திரிபு நூற்றுக்கு 0.1 ஐத் தாண்டவில்லை. சுற்றுப்படத்தைப் பார்த்து வீட்டில் செய்துகொண்டவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். உள்ளதை உள்ளபடி பெரிதாக்கும் பிரச்சினை ஏறக்குறைய அங்கேயே தீரத் தொடங்கிவிட்டது.

அதே காலத்தில் நடந்த இரண்டு பரிசோதனைகள்தான் இந்தப் பதிவின் நடு முள்.

1945 இல் அமெரிக்காவின் சீபீஎஸ் வானொலியைச் சேர்ந்த சின், ஐசன்பேர்க் என்ற இருவர் நேயர்களை இருத்தி ஒரே நிகழ்ச்சியைப் பல விதமாகக் கேட்க வைத்தார்கள். மேல் மீடிறன்களையும் கீழ் மீடிறன்களையும் வெட்டிய ஒலி ஒன்று, ஓரளவு வெட்டியது ஒன்று, வெட்டாத முழு ஒலி ஒன்று. எல்லாரும் முழு ஒலியைத்தான் விரும்புவார்கள் என்று பொறியியலாளர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். பெரும்பாலானோர் விரும்பியது வெட்டிய ஒலியை! "சனத்துக்கு நல்லது தெரியாது, பழைய றேடியோவுக்குப் பழகிப்போன காது" என்று ஒரு பக்கம் பேச்சு. "சனம் கேட்கிறதைத்தானே கொடுக்க வேண்டும், எதற்கு வீண் செலவு?" என்று மறுபக்கம்.

ஆர்சிஏ கம்பனியின் ஹரி ஓல்சன் இரண்டையும் ஏற்கவில்லை. 1947 இல் அவர் செய்ததைப் பாருங்கள். அம்ப்ளிபயர், ஸ்பீக்கர், இசைத்தட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, உயிருள்ள ஒரு சிறு இசைக்குழுவையே அறையில் இருத்தினார். குழுவுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவில் 5000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தடுக்கும் தட்டிகள். அவற்றைத் திறக்கலாம், மூடலாம். எப்போது திறந்திருக்கிறது, எப்போது மூடியிருக்கிறது என்று தெரியாதபடி முன்னால் ஒரு திரை. இப்போது பெரும்பாலானோர் விரும்பியது முழு ஒலியை.

அதே மாதிரியான மனிதர்கள், எதிரான பதில். ஓல்சன் பக்கத்து விளக்கம் இதுதான்: அன்றைய கருவிகளில் இருந்த திரிபு மேல் மீடிறன்களில்தான் காதைக் குத்தியது. வெட்டிய ஒலியில் அந்தக் குத்தல் மறைந்துவிடும். சனம் விரும்பியது குறைந்த ஒலியை அல்ல, குத்தாத ஒலியை. எனக்கு இந்த விளக்கமே சரியாகப் படுகிறது. "எனக்கு இது பிடிக்கும்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த விருப்பம் கருவியின் குறையிலிருந்து தப்புவதற்காகவும் வந்திருக்கலாம். நம் பொடியன்மாரிலும் மலிவு ஹெட்போனின் கீச்சுச் சத்தத்தை மறைக்கவே பேஸைக் கூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ!

ஹெட்போன் இசைக்காகவே என்ற நிலை பிறகுதான் வந்தது. 1958 இல் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் ஒரு சிறிய ஸ்டீரியோ இசைத்தட்டுப் பெட்டியை விற்கக் கொண்டுபோனார். ஸ்டீரியோ எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கூடவே ஒரு ஹெட்போன். சனம் பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனைக் கேட்டது. 1960 இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ், மெல்லிய படலம் ஒன்றை உயர் வோல்ற்றளவால் அதிர வைக்கும் ஹெட்போனை விற்றது. அதற்குத் தனி அம்ப்ளிபயர் இல்லாமல் முடியாது. 1968 இல் ஜேர்மனியின் சென்ஹைசர் எச்டி 414 வந்தது. மஞ்சள் பஞ்சு, பாரமில்லாத உடல், பின்பக்கம் மூடாமல் திறந்த அமைப்பு. ஒரு கோடிக்கு மேல் விற்றது. காதை இறுக்கி மூடுவதா, காற்றோட்டமாக விடுவதா என்ற சண்டையும் அதோடு தொடங்கியது. 1979 இல் சோனி வோக்மன் வந்து ஹெட்போனைத் தெருவுக்கு இறக்கியது. மறுமுனையில், சென்ஹைசர் 2015 இல் அறிவித்த எச்ஈ 1: சலவைக்கல் பெட்டி, சுவிட்சைப் போட்டால் மேலெழும் எட்டு வால்வுகள், அறிவித்தபோது விலை சுமார் 50,000 யூரோ. அதைப் பற்றி நாம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அம்ப்ளிபயர் சண்டைக்கு 1985 இல் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. பொப் கார்வர் என்ற அமெரிக்கர், விலையுயர்ந்த வால்வு அம்ப்ளிபயரின் ஒலியைத் தன் 700 டொலர் அளவிலான டிரான்சிஸ்டர் அம்ப்ளிபயரில் கொண்டுவருவேன் என்று ஸ்டீரியோபைல் சஞ்சிகைக்குச் சவால் விட்டார். அந்தச் சஞ்சிகைக்காரர்கள் காதை நம்புகிறவர்கள், அளவீட்டைப் பெரிதாக மதிக்காதவர்கள். கார்வர் ஹோட்டல் அறையில் இருந்து இரண்டு அம்ப்ளிபயரின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தார். மிஞ்சுவது என்னவோ அதுதான் வித்தியாசம். அது ஏறக்குறைய இல்லாமல் போகும்வரை தன் பெட்டியைத் திருத்தினார். சஞ்சிகைக்காரர்கள் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு, பிரித்தறிய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வால்வில் அவர்கள் கேட்ட இனிமை மாயம் இல்லை, உண்மையாகவே இருந்தது. ஆனால் அது அளக்கக்கூடிய ஒன்று, மலிவாகவும் செய்யக்கூடிய ஒன்று.

அப்படியானால் ஹெட்போனுக்குத் தனி அம்ப்ளிபயர் வேண்டுமா? சில ஹெட்போன்களின் தடை 300 ஓம், சிலவற்றுக்கு 600 ஓம். இவற்றைக் கைத்தொலைபேசியில் செருகினால் சத்தம் போதாது; அங்கே அம்ப்ளிபயருக்கு வேலை இருக்கிறது. 32 ஓம் சாதாரண ஹெட்போன் போனிலேயே போதிய சத்தத்தோடு கேட்டால், பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து ஆகும் பலன் பெரும்பாலும் மேசை அலங்காரம்தான்.

கடைசியாக, ரசனை. ஹார்மன் கம்பனியில் ஷோன் ஒலிவ் குழுவினர் 2012 அளவிலிருந்து பல வருடம், மொடல் தெரியாதபடி ஹெட்போன் ஒலிகளைக் கேட்க வைத்து ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 64 வீதமானோர் ஒரே மாதிரியான ஒலியை விரும்பினர். 15 வீதத்தினருக்கு அதைவிடக் கூடிய பேஸ் வேண்டும். இவர்களில் இளம் ஆண்கள் அதிகம். 21 வீதத்தினருக்குக் குறைந்த பேஸ் போதும். இவர்களில் வயது கூடியவர்களும் பெண்களும் அதிகம். 2017 இல் வெளியான வேறோர் ஆய்வு 283 ஹெட்போன்களை அளந்து, ஒலிச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காண முடியவில்லை என்றது.

ஆக, மகன் பேஸ் கேட்பதும் வாப்பா "கொஞ்சம் குறைடா" என்பதும் யாருடைய காதும் பழுது என்பதால் அல்ல. அந்த வித்தியாசத்துக்கு விலை கூட்டிக் கொடுக்கவும் தேவையில்லை. போனில் இருக்கும் ஈக்குவலைசர் பாதி வேலையைச் செய்யும். வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள். பாட்டோ, கிராஅத்தோ, நன்றாகப் பழகிய ஒன்றையே எல்லாவற்றிலும் கேளுங்கள். பெயரைப் பார்க்காமல் இன்னொருவர் மாட்டிவிடட்டும். மிக முக்கியம், எல்லாவற்றிலும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடிய செட் எப்போதும் நல்ல செட்டாகத்தான் காதுக்குப் படும். கடைக்காரருக்கும் இது தெரியும். சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல். அதற்கு மேல் போனால் கேட்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் யாராவது கிறிஸ்டல் செட்டோ வால்வு றேடியோவோ பாவித்திருந்தால், அது எப்படிக் கேட்டது, எந்த வீட்டில் கூடிக் கேட்டார்கள் என்று விசாரித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பழைய பெட்டி இன்னும் பரணில் கிடந்தால் ஒரு படமும் போடுங்கள்.