ஓ கௌவன்: ஒரு பெயரின் சரித்திரம்

ஆங்கிலம் வழங்கும் தேசங்களில் ஸ்மித் என்னும் குடும்பப் பெயரைக் கேளாதார் இலர். ஓ கௌவன் என்னும் பெயரைக் கேட்டாரோ மிகச் சிலர். ஆயினும் அயர்லாந்தில் பல குடும்பங்களுக்கு இவ்விரண்டும் ஒரே பெயராம். பின்னது மூலம், முன்னது அதன் மொழிபெயர்ப்பு. மூலம் அருகி மொழிபெயர்ப்புப் பெருகிய வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஐரிஷ் பாஷையில் 'கௌ' என்பது கொல்லனைக் குறிக்கும் சொல். 'ஓ' என்பது வழித்தோன்றல். ஆகவே ஓ கௌவன் என்றால் கொல்லன் வழிவந்தவன் என்பது பொருள். உலைக்களத்தில் உழைப்பவனை அந்நாட்டார் இழிந்தவனாக எண்ணினாரல்லர். அவர்தம் பழங்கதைகளில் தேவர்களுக்குப் படைக்கலம் வடித்தளித்த கொய்ப்னியு என்பவன் ஒரு கொல்லனே. அவன் பெயரும் இதே வேரிற் பிறந்ததாகும்.

இத்தகைய பெயர்களுக்கு 1465-ம் ஆண்டில் இடையூறு நேர்ந்தது. நான்காம் எட்வர்டு மன்னனது ஆட்சியில் அயர்லாந்துப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. டப்ளின், மீத், லவுத், கில்டேர் என்னும் நான்கு பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ்காரர் ஆங்கிலேயரைப்போல் உடுத்தல் வேண்டும்; மேலுதட்டு மயிரை மழித்தல் வேண்டும்; ஓர் ஊரின் பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழில் அல்லது உத்தியோகத்தின் பெயரையோ ஆங்கிலத்திற் பூணுதல் வேண்டும். தவறியவரின் பொருள் ஆண்டுதோறும் பறிமுதலாகும். தொழிற்பெயர்களுக்கு அச்சட்டமே காட்டிய உதாரணங்கள் இரண்டு: ஸ்மித், கார்ப்பெண்டர், அதாவது கொல்லன், தச்சன்.

அச்சட்டத்தின் எல்லை சிறிது. ஆனால் ஆங்கில ஆதிக்கம் பரவப் பரவ அவ்வழக்கமும் பரவியது. அந்நான்கு பகுதிகளுக்கும் புறம்பான கேவன் பிரதேசத்திலும் கொல்லன் மரபினர் மிகப் பலர் ஸ்மித் ஆயினர்.

பொருள் ஒன்றே எனில் நட்டம் யாது என வினவுவாருண்டு. பொருள் நின்றது மெய்யே, மரபு மறைந்ததே! இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஸ்மித் எவர், கேவன் மண்ணிற் பிறந்த ஸ்மித் எவர் என்று பெயரைக்கொண்டு பகுத்தறிதல் அரிதாயிற்று. தன் பாட்டனை இன்னான் எனக் காட்டும் சான்றை ஒருவன் தன் வாயாலேயே அழித்துக்கொண்டான்.

இந்நிலை கண்டு வருந்தியவருள் டக்ளஸ் ஹைடு என்னும் அறிஞர் ஒருவர். 1892-ம் ஆண்டில் தாம் ஆற்றிய சொற்பொழிவில், ஐரிஷ் பெயர்களை ஆங்கிலமாக்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். மறு ஆண்டில் ஐரிஷ் மொழி வளர்ச்சிக்கென கேலிக் சங்கம் தோன்றிற்று. அவரே அதன் முதல் தலைவர். பின்னர் 1938-ல் அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவராகவும் அமர்ந்தார்.

கேவனிற் பிறந்த எரிக் டோர்மன் ஸ்மித் என்பார் பிரிட்டிஷ் சேனையில் ஜெனரல் பதவி வகித்தவர். 1942-ல் வட ஆப்பிரிக்க யுத்தத்திற் பணியாற்றினார். அவர்தம் சகோதரர் ரெஜினால்டு, ஜப்பானியர் படையெடுத்த காலத்தில் பர்மாவின் கவர்னராயிருந்தவர். சாம்ராஜ்யத்தின் உயர்பதவிகளைக் கண்ட அக்குடும்பத்திலிருந்தே எரிக் 1949-ல் ஸ்மித் என்பதை நீக்கி, டோர்மன் ஓ கௌவன் ஆனார்.

சட்டம் போட்டுப் பெயரை மாற்றலாம், அச்சமூட்டி வழக்கமாக்கலாம். ஆயினும் அதன் பொருளை அறிந்தவன் ஒருவன் எஞ்சியிருப்பின், நூற்றாண்டுகள் கடந்தும் அப்பெயர் மீளும் என்பதே இச்சரித்திரம் நமக்குணர்த்தும் பாடம்.