மோன் பிளாங்கின் முதல் ஏற்றமும் மறைக்கப்பட்ட பெயரும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தலையாய முடி மோன் பிளாங். 4,800 மீட்டரைச் சற்றே கடந்த அவ்வெண்பனி முகட்டை நாடி மலையேறுவோர் ஆண்டுதோறும் திரள்கின்றனர். அடிவாரத்துச் சமோனியில்தான் 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பனிச்சறுக்கு விரும்பிகளோ, கம்பிவட ஊர்தியில் அருகிலுள்ள முகடொன்றை அடைந்து, பனியாற்றின் மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சறுக்கி இறங்குவர். இத்துணை இன்பம் தரும் மலையைச் சபிக்கப்பட்டதெனக் கருதி மக்கள் அஞ்சிய காலமும் உண்டு.

1760இல் சமோனிக்கு வந்த ஜெனிவா அறிஞர் சொசூர், உச்சிக்கு வழி காண்போர்க்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். கால் நூற்றாண்டு கழிந்தே அது கைகூடியது. 1786 ஆகஸ்டு 8 மாலை, அவ்வூர் மருத்துவர் பக்காரும், மலைகளில் பளிங்குக் கற்கள் தேடிப் பிழைத்த பால்மாவும் உச்சியில் நின்றனர். கயிறும் இல்லை, பனிக்கோடரியும் இல்லை, நீண்ட கோல்களே துணை. பனியொளியால் கண் கூசிப் பார்வை மங்கிய நிலையில் பக்கார் ஊர் திரும்பினார்.

பரிசு பால்மாவுக்குச் சென்றது. அதனை நாம் குறை கூறுவதற்கில்லை. குறை, பின்னர் எழுதப்பட்டவற்றில் உள்ளது. தாமே உச்சியை அடைய முயன்று தோற்ற பூரி என்னும் எழுத்தாளர், வெற்றி முழுவதையும் பால்மாவுக்கே உரியதாக்கி எழுதினார். 1827இல் பக்கார் மறைந்தார். அவர் எழுத எண்ணிய ஏற்ற வரலாறு நம் கைக்கு எட்டவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் முதிய பால்மாவைக் கண்டு பேசிய அலெக்சாந்தர் துமா, தளர்ந்த மருத்துவரைப் பால்மா இழுத்துச் சென்றதாகச் சுவைபட எழுதினார். கதை வல்லார் கையில் சிக்கிய உண்மை மீள்வது அரிது!

எனினும் ஒரு சாட்சி இருந்தது. செருமானியப் பிரபு கெர்ஸ்டார்ஃப் அன்று பள்ளத்தாக்கிலிருந்து தொலைநோக்கி வழியே ஏற்றத்தைக் கண்டு, நேரத்தோடு குறித்து, வழியையும் வரைந்து வைத்தார். இருவரும் உழைப்பைப் பகிர்ந்து, ஏறக்குறைய ஒருங்கே உச்சியை அடைந்ததை அக்குறிப்பு காட்டுகிறது. நேரில் கண்டு அன்றே எழுதியதை, நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்துச் சொன்ன நினைவினும் மேலாக நாம் கொள்கிறோம்.

1887இல் சமோனியில் நிறுவிய சிலையில் பால்மா, சொசூருக்குச் சிகரத்தைச் சுட்டிக் காட்டுகிறார், பக்கார் அங்கில்லை. அவருக்குச் சிலை எழுந்தது 1986இல், ஏற்றத்தின் இருநூறாம் ஆண்டில்.