பந்தயத் திடலும் இடப்பெயரும்

கட்டடங்கள் மறைந்த பின்னும் ஒரு நிலத்தின் வரலாற்றைச் சொல்ல எஞ்சுவது பெரும்பாலும் அதன் பெயரே. பழைய பந்தயத் திடல்கள் இதற்குத் தக்க சான்றாகின்றன.

உரோமை நகரின் தேர்ப்பந்தயத் திடலான 'சிர்க்குஸ் மாக்சிமுஸ்' இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்திற்கு விரிந்திருந்தது. கி.பி. 549இல் அங்கே இறுதிப் பந்தயம் நடைபெற்றது. பிற்காலத்தில் அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் பயன்பட்டன. அங்கிருந்த எகிப்தியக் கற்றூண்கள் இரண்டும் 1580களில் வேறு சதுக்கங்களில் நிறுவப்பட்டன. ஆயினும் இத்தாலியர் அவ்விடத்தை இன்றும் 'சிர்க்கோ மாசிமோ' என்றே வழங்குகின்றனர். கொன்ஸ்தாந்திநோபிள் நகரத் திடலின் கிரேக்கப் பெயரான 'ஹிப்போட்ரோமோஸ்' குதிரை ஓடும் களம் எனப் பொருள்படும். நகரம் துருக்கியர் வசமான பின் அது 'ஆத் மெய்தானி', அதாவது குதிரைத் திடல் ஆயிற்று. ஒரு மொழி பழைய ஒலியைக் காத்தது. மற்றொன்று பொருளைக் காத்தது.

நம் கோலாலம்பூரிலும் அத்தகைய திடல் ஒன்று இருந்தது. 1896இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகம் அம்பாங் சாலையில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திற்று. 1990களின் தொடக்கத்தில் கழகம் சுங்கை பெசிப் பகுதிக்குப் பெயர்ந்தது. பழைய திடலில் 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் எழுந்து 1999இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டன. கேஎல்சிசி, சூரியா ஆகிய இன்றைய பெயர்களில் குதிரையின் ஒலியும் இல்லை, பொருளும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் இதற்கு மாறானது. 1880களில் நகரம் அத்தாப்புக் கூரைகளை விட்டுச் செங்கற் கட்டடங்களுக்கு மாறியபோது அங்கே சூளைகள் பெருகின. சூளைகள் மறைந்தன, முதன்மைச் சாலை துன் சம்பந்தன் பெயரைப் பெற்றது. எனினும் வட்டாரத்தின் பெயர் செங்கல்லை மறக்கவில்லை.

இவ்வேறுபாடு மொழியியலார்க்கு மட்டும் உரியதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தின் பதிவுப் பெயர் வேறாக இருக்க, அங்கு உழைத்த தமிழர் தமக்குள் வழங்கிய பெயர் வேறாக இருந்ததுண்டு. பதிவுப் பெயரை நிலப்படத்தில் தேடலாம். தமிழ்ப் பெயரோ முதியோர் நாவில் மட்டுமே வாழ்கிறது. நாம் ஒவ்வொருவரும் நம் குடும்பத்து மூத்தோரிடம் கேட்டு, பெயர், பெயர்க்காரணம், அத்தோட்டம் இருந்த இடம் ஆகிய மூன்றையும் எழுதி வைப்போமாக. அவர்கள் நம்மோடு இருக்கும் காலமே அதற்குரிய காலம்.