ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாளரம்

சென்ற மாதம் என் காரில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையருகே குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டுத் துழாவினார். சரிவக வடிவில் ஒரு சிறு சாக்கெட் அகப்பட்டது. இரண்டு வரிசை, வரிசைக்கு 8 துளைகள். எல்லா நிறுவனங்களின் கார்களிலும் இது ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருப்பது எப்படி? விடை தேடினால் நாம் போய்ச்சேரும் ஊர் லாஸ் ஏஞ்சலிஸ்.

1943 ஜூலை 26 அன்று அந்நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலால் எதிரியின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று மக்கள் அஞ்சினர். எதிரி வெளியிலிருந்து வரவில்லை. வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பதை, அதுவரை அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். பின்னர் அமைந்த கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

புதிய வண்டி சோதனையில் தேறிவிடும். ஐந்தாண்டு ஓடியபின் அதன் புகையைக் கண்காணிப்பது யார்? வண்டியே தன்னைக் கண்காணிக்கட்டும் என்றது வாரியம். 1988 மாடல் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் அது கட்டாயமாயிற்று. ஆனால் சாக்கெட்டின் வடிவும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் இரண்டு முனைகளைக் கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிப் பழுதை அறிந்தார்கள். வண்டி பேசியது உண்மை; ஆனால் ஒவ்வொன்றும் தன் குடும்பத்தாருக்கு மட்டுமே விளங்கும் மொழியில் பேசியது.

இங்கேதான் சட்டம் குறுக்கிட்டது. 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், சாக்கெட் எல்லா வண்டிகளிலும் ஒரே சீராக இருக்கவேண்டும், தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும் கருவியோ ரகசியக் குறியீடோ இல்லாமல் எவரும் தகவலைப் படிக்க இயலவேண்டும் என்று விதித்தது. ஜே1962 என்னும் பொறியியல் தரம் வடிவையும் இடத்தையும் வரையறுத்தது: பயணிகள் பகுதியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டும் தூரத்தில். 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் இது வந்தது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும், இந்தியாவில் இரண்டு கட்டங்களாக 2010, 2013 ஆண்டுகளிலும் வண்டியின் தற்சோதனை கட்டாயமாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. வண்டிகள் கம்பியில்லாமல் தகவலை நேரே தயாரிப்பாளருக்கு அனுப்பத் தொடங்கியதும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. அத்தகவலும் உரிமையாளருக்கும் அவர் தேர்ந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கவேண்டும் என்று 2020இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் தீர்ப்பளித்தனர். தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர்.

மெக்கானிக்கின் கருவியில் பி0420 என்று தெரிந்தது. புகையைத் தூய்மையாக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்பது அதன் பொருள். நோய் என் வண்டிக்கு. அதைச் சொல்லும் மொழியோ, என்றோ லாஸ் ஏஞ்சலிஸில் கண்ணெரிந்தவர்களுக்காகப் பிறந்தது. அம்மொழியைப் பூட்டி வைக்கக்கூடாது என்று ஒரு சட்டம் சொன்னதால்தான், எங்கோ ஒரு தெருமுனையில் அவர் அதை வாசிக்க முடிந்தது.