கட்டணமில்லா அறிவியல் மேடை: ஃபுட்ஹில் கல்லூரியின் வானியல் உரைகள்

1. ஆய்வின் நோக்கம்

கட்டணம் வாங்காவிட்டால் மட்டும் ஓர் அறிவியல் உரை பொதுமக்களுடையதாகிவிடாது. இடம், நேரம், மொழி ஆகிய மூன்றும் ஆளை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும். இம்மூன்று தடைகளையும் ஒருசேர நீக்கச் சமுதாயக் கல்லூரியே மிகப் பொருத்தமான களம் என்பது இக்கட்டுரையின் துணிபு. கலிபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் கல்லூரியில் 1999இல் தொடங்கிய ‘சிலிக்கான் பள்ளத்தாக்கு வானியல் உரைகள்’ இதற்குச் சான்று.

2. மரபு

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825இல் இளையோருக்கான கிறிஸ்துமஸ் உரைகளைத் தொடங்கியது. அவற்றை 19 முறை நிகழ்த்தியவர் மைக்கேல் ஃபாரடே. மெழுகுவத்தியைக் கொண்டு அவர் விளக்கிய விதம் இது: மெழுகுவத்தியை அணைத்ததும் எழும் ஆவியில், திரியைத் தொடாமல் சற்றுத் தள்ளித் தீயைக் காட்டினால், சுடர் பாய்ந்து திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவிதான் என்று சிறுவனுக்கும் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் 1826இல் ஜோசையா ஹோல்புரூக் தொடங்கிய லைசியம் இயக்கம் ஊர்தோறும் பேச்சு மேடைகளை வளர்த்தது. பின்னர் 1901இல் இல்லினாயில், சமுதாயக் கல்லூரிகளுக்கு முன்னோடியான ஜோலியட் ஜூனியர் கல்லூரி பிறந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்போருக்கும், நடுவயதில் மீண்டும் படிக்க வருவோருக்கும் கதவு திறந்த சமுதாயக் கல்லூரிகள் அவ்வழியில் பெருகின.

3. தடைகள் நீங்கும் முறை

3.1 இடம்: ஃபுட்ஹில், மக்கள் ஏற்கெனவே வந்துபோகும் வளாகம். உரைகள் நடக்கும் ஸ்மித்விக் அரங்கில் உட்கார எந்தத் தகுதிச் சான்றும் வேண்டியதில்லை. நாசா ஏம்ஸ் ஆய்வு மையமும், வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் செட்டி (SETI) இன்ஸ்டிடியூட்டும் அருகிலேயே இருப்பதால் ஆய்வாளர்கள் நேரில் வர முடிகிறது. 1889இல் தோன்றிய பசிபிக் வானியல் சங்கமும் இவற்றுடன் கைகோத்தது.

3.2 நேரம்: புதன்கிழமை மாலை 7 மணி. வேலை முடித்தவர் வரலாம். பள்ளிப் பிள்ளையையும் அழைத்து வரலாம்.

3.3 மொழி: உரை துறைசாராதவருக்கும் புரிய வேண்டும் என்பது விதி. தொடரை நடத்திவந்த ஆண்ட்ரூ ஃப்ராக்னாய் அக்கல்லூரியிலேயே வானியல் கற்பித்தவர். கணிதப் பின்னணி இல்லாத மாணவருக்கு நாள்தோறும் பாடம் சொன்னவருக்கு, கேட்பவர் எந்த இடத்தில் திணறுவார் என்பது தெரியும். சமுதாயக் கல்லூரி தரும் தனிப்பலம் இதுவே.

4. ஒரு சான்று: ஏழு காரணிகள்

இம்மேடையில் பேசியவர்களுள் ஒருவர் வானியலாளர் ஃபிராங்க் டிரேக். நம் விண்மீன் மண்டலத்தில் தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என மதிப்பிட 1961இல் அவர் வகுத்த சமன்பாட்டில் இருப்பது ஏழு காரணிகளின் பெருக்கல் மட்டுமே. ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன என்ற முதல் காரணிக்கு வானியலாளர் விடை சொல்வார். கோள்கள், உயிர், அறிவு என நகர்ந்து ஏழாவதில் கேள்வி நம்மிடம் திரும்புகிறது: அத்தகைய நாகரிகம் ஒன்று எத்தனை ஆண்டு நீடிக்கும்? போர், சூழல், ஆட்சி அனைத்தும் அதில் அடக்கம். தொலைநோக்கி மட்டும் அதற்கு விடை தராது.

5. முடிவு

அறிஞருக்கும் மக்களுக்கும் இருப்பது கொடுப்பவர், பெறுபவர் என்ற உறவு மட்டுமன்று என்பதை ஏழாவது காரணி காட்டுகிறது. ஆகவே, இத்தகைய தொடரைத் தொடங்கும் கல்லூரி, உரைக்குப் பிந்தைய கேள்வி நேரத்தை எக்காரணம் கொண்டும் சுருக்கக் கூடாது. முதல் ஆறு காரணிகளுக்கு மேடையில் இருப்பவர் பேசட்டும். ஏழாவதற்கு அரங்கில் இருப்பவர்களும் பேச வேண்டும்.