ஆட்டோ சங்கர் (வலைத்தொடர்)

2019இல் ஜீ5 தளத்தில் வெளியான தமிழ்க் குற்றத் தொடர், பத்துப் பகுதிகள். இயக்கம் ரங்கா. மலையாள நடிகர் அப்பானி சரத் தலைமை வேடம் ஏற்றார். 1980களின் இறுதியில் சென்னையை நடுங்க வைத்த, ‘ஆட்டோ சங்கர்’ எனப்பட்ட கௌரி சங்கரின் எழுச்சியும் வீழ்ச்சியுமே கதை. வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சுவருக்கு வண்ணமடித்து, ஆட்டோ ஓட்டி, சாராயம் கடத்தி, திருவான்மியூரில் பாலியல் தொழில் நடத்தியவர் அவர். ஆறு கொலைகளில் குற்றம் நிரூபிக்கப்பட்டு, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வகைத் தொடர்களின் ஈர்ப்பு கொலையில் இல்லை. கொலைகாரன் மேலேறும் படிகளில் இருக்கிறது. ஏழை ஒருவன் அதிகாரத்தை விலைக்கு வாங்கும்போது பார்வையாளர் மனம் அவன் பக்கம் சாய்கிறது; பிறகு அந்தச் சாய்வே உறுத்துகிறது. அமெரிக்கத் தொடர் ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) இந்த உறுத்தலை ஐந்து பருவங்களுக்கு நீட்டியது. ஆனால் அதன் நாயகன் வால்டர் ஒயிட் கற்பனை மனிதர். சங்கரால் இறந்தவர்களுக்கோ குடும்பங்கள் உண்டு. நாயகப் பூச்சு இங்கே கூசவே செய்கிறது.

இந்த ஈர்ப்பு திரைக்கு முன்பே அச்சில் தொடங்கிவிட்டது. சிறையில் சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ராஜகோபாலின் ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தது. அதிகாரிகளுடனான தொடர்புகள் அதில் வருமென்பதால் சிறைத்துறை எதிர்த்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை சங்கரின் ஒப்புதலின்றியே வெளியிடலாம், அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என 1994 அக்டோபரில் தீர்ப்பானது. அந்தரங்க உரிமை குறித்த வழக்குகளில் ‘ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற அத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.